ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடித்த தேதி எது?

ஐந்து வருடம் கழித்து ஆட்களை எண்ணிப் பார்த்தார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போடப்பட்ட 55 காசநோயாளிகளில் 32 பேர் இறந்துபோயிருந்தார்கள். ஊசி இல்லாமல் படுக்கை ஓய்வில் வைக்கப்பட்ட 52 பேரில் 35 பேர். இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்த மருந்தால் என்னதான் ஆயிற்று என்று கேட்கத் தோன்றும். இந்த ஐந்தாண்டுக் கணக்கு அச்சில் வந்தது 1954-ல். அதற்கு இரண்டு வருடம் முன்பே, இதே மருந்தைக் கண்டுபிடித்ததற்காக நோபல் பரிசு கொடுத்தாகிவிட்டது.

பரிசு தவறு என்று சொல்ல வரவில்லை. மருந்தும் பொய்யில்லை, அதைப் பின்னால் பார்ப்போம். ஸ்ட்ரெப்டோமைசின் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் ‘யார் கண்டுபிடித்தது’ என்ற வழக்கிலேயே நின்றுவிடுகிறார்கள். நல்ல வழக்குதான், நானும் அதற்கு வருகிறேன். எனக்கு உறுத்துவது வேறு கேள்வி: எப்போது கண்டுபிடித்தார்கள்? மண்ணியல், வேதியியல், மருத்துவம், இயற்பியல் என்று நான்கு துறைகள் இந்த ஒரு பொருளில் கை வைத்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டால் வேறு வேறு தேதி சொல்கின்றன.

தொழுவுரமும் கோழித் தொண்டையும்

கோடை மழை விழுந்ததும் எழும் மண்வாசனை மண்ணுடையதல்ல, மண்ணில் வாழும் ஒரு வகைப் பாக்டீரியாவுடையது. ஆக்டினோமைசீட்ஸ் என்று பெயர். பூஞ்சை போல இழை இழையாகப் படர்ந்து வளர்வதால் வெகுகாலம் அவற்றைப் பூஞ்சையோடு சேர்ப்பதா, பாக்டீரியாவோடு சேர்ப்பதா என்று யாருக்கும் தெரியவில்லை. நோய் உண்டாக்குகிற கிருமிகளை ஆராய்கிறவர்களுக்கு இவற்றால் பயன் இல்லை. மட்கும் இலையையும் சாணத்தையும் பிரித்துப்போடும் வேலை செய்கிற இந்த உயிர்களை விவசாய ஆராய்ச்சிக்காரர்கள்தான் கவனித்தார்கள்.

அவர்களில் ஒருவர் செல்மன் வாக்ஸ்மன். உக்ரைனில் 1888-ல் பிறந்து அமெரிக்காவுக்கு வந்தவர். நியூஜெர்சி மாநிலத்தின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தோடு இணைந்த விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் மண் நுண்ணுயிரியல் அவருடைய துறை. 1916-லேயே அங்கிருந்த மண்ணில் கிரிசியஸ் என்ற சாம்பல் நிற இனத்தைப் பிரித்து எழுதிவைத்தார். பிற்காலத்தில் ஸ்ட்ரெப்டோமைசினைத் தந்த இனம் அதுவே. ஆனால் அன்று அவர் பிரித்த வகை அந்த மருந்தைச் சுரக்காத வகை. ஒரே பெயர், ஒரே நிறம், ஒன்று சுரக்கும், ஒன்று சுரக்காது. மண்ணில் இது சகஜம். தன் கையில் 27 வருடமாக இருந்ததைக் கோட்டைவிட்டார் என்று அவரைக் குறை சொல்வது அதனால் சரியில்லை.

வாக்ஸ்மனின் மாணவர் ரெனே டூபோ 1939-ல் மண் பாக்டீரியாவிலிருந்து கிருமிக்கொல்லி ஒன்றைப் பிரித்தெடுத்ததும் குருவின் கூடம் முழுவதும் அந்தப் பக்கம் திரும்பியது. 1940-ல் ஆக்டினோமைசின் கிடைத்தது. கிருமியையும் கொன்றது, எலியையும் கொன்றது. 1942-ல் ஸ்ட்ரெப்டோத்ரிசின் வந்தது. முதலில் நல்ல பிள்ளையாகத் தெரிந்தது, நாள்பட்டு விலங்குகளிடம் நஞ்சாக வேலை செய்தது. இந்த இரண்டு தோல்விகளையும் நான் முக்கியமாக நினைக்கிறேன். ஆயிரக்கணக்கான மண் நுண்ணுயிர்களை வரிசையாகச் சோதிக்கும் முறை அவற்றுக்கு நடுவில்தான் அந்தக் கூடத்தில் படிந்தது.

1943 ஜூனில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற 23 வயது மாணவர் ராணுவ மருத்துவக் கூடத்திலிருந்து முதுகுவலி காரணமாக விடுவிக்கப்பட்டுத் திரும்பினார். பண்ணைக் குடும்பத்துப் பையன், மண்ணியல் படித்தவர். மாதம் 40 டாலர் உதவித்தொகை. பெனிசிலினுக்கு மசியாத கிருமிகளைக் கொல்ல ஏதாவது கிடைக்குமா என்பது அவருடைய தேடல். காசநோய்க் கிருமியும் அந்தப் பட்டியலில் இருந்தது. அதைக் கையாள்வது ஆபத்தான வேலை, அதனால் கீழ்த்தளத்து அறையில் தனியாகச் செய்தார்.

வேலை முறை எளிது. கிருமி வளர்க்கும் கூழ் பரப்பிய அகார் தட்டின் நடுவில் மண் நுண்ணுயிரை ஒரு கோடாக இழுப்பார்கள். அது வளர்ந்தபின் குறுக்கே நோய்க்கிருமிகளைக் கோடு கோடாக இழுப்பார்கள். நடுக்கோட்டை நெருங்கும்போது எந்தக் கிருமி வளராமல் ஒதுங்கி நிற்கிறதோ அங்கே ஏதோ சுரக்கிறது என்று பொருள். 1943 அக்டோபர் 19 பிற்பகலில் தனக்குப் புதிய கிருமிக்கொல்லி கிடைத்துவிட்டது என்று ஷாட்ஸ் உறுதிசெய்துகொண்டார். கிரிசியஸ் இனத்தின் இரண்டு வகைகள் அதைச் சுரந்தன. ஒன்று தொழுவுரம் நன்றாகப் போட்ட வயல் மண்ணிலிருந்து வந்தது. மற்றொன்று நோயில்லாத ஒரு கோழியின் தொண்டையிலிருந்து எடுத்தது. சக மாணவி டோரிஸ் ஜோன்ஸ் கொடுத்த தட்டு. கோழி மண்ணைக் கிளறித் தின்கிற பிராணி, ஆக அதுவும் மண்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

மண்ணியல் சொல்லும் தேதி இந்த அக்டோபர் 19.

குடுவையில் சிவப்புக் கோடு

தட்டில் ஒரு வெற்றுப் பட்டை தெரிவதற்கும் ஊசியில் ஏற்ற ஒரு மருந்து இருப்பதற்கும் நடுவில் நீண்ட தூரம். ஸ்ட்ரெப்டோமைசின் மூலக்கூறில் மூன்று துண்டுகள் கோர்த்திருக்கின்றன, அதிலே நைட்ரஜன் நிறைய. தண்ணீரில் நன்றாகக் கரையும், ஈத்தர் போன்ற கரைப்பான்களில் கரையாது. அதனால் வழக்கம்போல் கரைப்பானைக் கலக்கிப் பிரிக்கும் வேலை இங்கே நடக்காது. வளர்ப்புக் குழம்பில் கரித்தூளைப் போட்டு மருந்தை அதில் ஒட்டவைத்து, பிறகு அமிலம் சேர்த்த ஆல்கஹாலால் அதைக் கழற்றி எடுத்தார்கள். கிடைப்பது கொஞ்சம், அதுவும் பழுப்பாக, அசுத்தங்களோடு.

விலங்குச் சோதனைக்கு வேண்டிய அளவைச் சேர்க்க ஷாட்ஸ் கூடத்திலேயே படுத்துத் தூங்கினார். வடிகலன் குடுவையில் ஒரு சிவப்புக் கோடு போட்டு, திரவம் அதற்குக் கீழே இறங்கினால் எழுப்பும்படி இரவுக் காவலாளியிடம் சொல்லிவைத்தார் என்று பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். கண்டுபிடிப்பு வரலாறுகளில் இந்த இரவுக் காவலாளிகளுக்குப் பெயரே இருப்பதில்லை.

பிறகு மெர்க் நிறுவனம் பெரிய தொட்டிகளில் தயாரிப்பை எடுத்துக்கொண்டது. கார்ல் ஃபோல்கர்ஸ் தலைமையிலான வேதியியலாளர்கள் மூலக்கூறின் துண்டுகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார்கள். 1940-களின் பிற்பகுதியில் அதன் அமைப்பு ஏறக்குறையத் தெளிவானது. வேதியியலிடம் தேதி கேட்டால் அங்கே கைகாட்டும்.

ஒரு பெயரும் பல கைகளும்

முதல் ஆய்வுக்கட்டுரை 1944 ஜனவரியில் வந்தது. ஆசிரியர்கள் வரிசை: ஷாட்ஸ், எலிசபெத் பூகி, வாக்ஸ்மன். காப்புரிமையில் வாக்ஸ்மனும் ஷாட்ஸும் மட்டும். பூகியின் பெயர் விடுபட்டது. நீ எப்படியும் கல்யாணம் செய்துகொண்டு போய்விடுவாய், உன் பெயர் எதற்கு என்று தன்னிடம் சொன்னதாகப் பின்னாளில் அவர் தன் மகள்களிடம் சொல்லியிருக்கிறார்.

இருவரும் காப்புரிமையை ஆளுக்கு 1 டாலருக்குப் பல்கலைக்கழகத்தின் அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுத்தார்கள். மெர்க்கும் தன் தனியுரிமையை 1946-ல் விட்டுக்கொடுத்தது. பல நிறுவனங்கள் தயாரித்தால்தான் மருந்து எல்லோருக்கும் போகும் என்று வாக்ஸ்மன் கேட்டுக்கொண்டதன் பலன் அது. அதற்கு அவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அறக்கட்டளைக்கு வரும் உரிமத்தொகையில் ஒரு பங்கு வாக்ஸ்மனுக்குத் தனியாகப் போய்க்கொண்டிருந்தது ஷாட்ஸுக்குத் தெரியாது. தெரியவந்ததும் 1950 மார்ச்சில் வழக்குப் போட்டார். தன் குருவின் மீது மாணவர் வழக்குப் போடுவது கல்வி உலகில் அப்போது கேள்விப்படாத காரியம். அந்த ஆண்டு டிசம்பரில் சமரசமானது. ஷாட்ஸ் சட்டப்படியும் அறிவியல்படியும் இணைக் கண்டுபிடிப்பாளர் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. அவருக்கு உரிமத்தொகையில் 3 சதவீதம், வாக்ஸ்மனுக்கு 10, கூடத்தில் வேலை செய்த மற்றவர்களுக்குச் சேர்த்து 7. பூகிக்கு வந்தது 0.2.

வழக்கில் ஜெயித்தவருக்கு வாழ்க்கை கிடைக்கவில்லை. பெரிய ஆய்வுக்கூடங்கள் அவருக்குக் கதவைத் திறக்கவில்லை. 1952 நோபல் வாக்ஸ்மனுக்கு மட்டும் என்று அறிவித்தபோது ஷாட்ஸ் பென்சில்வேனியாவில் ஒரு சிறிய விவசாயக் கல்லூரியில் இருந்தார். அந்தக் கல்லூரி ஸ்வீடனுக்கு மனு அனுப்பியது, பலிக்கவில்லை. 1994-ல்தான் ரட்கர்ஸ் அவருக்குப் பதக்கம் கொடுத்து மனத்தாங்கலை ஆற்றியது.

என் கணிப்பு இது. தட்டைப் பார்த்த கண் ஷாட்ஸுடையது. எதைப் பார்க்க வேண்டும் என்ற முறையை வகுத்தவர் வாக்ஸ்மன். இருவருக்கும் பாதிப் பாதி என்று எழுதிவிட்டுப் போயிருந்தால் முடிந்திருக்கும். அதோடு இன்னொன்று: இருவரில் யாரும் இந்த மருந்தை ஒரு நோயாளியிடம் கொடுத்துப் பார்த்தவரல்லர். வழக்கில் அந்தப் பக்கத்தைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

உரிமத்தொகையில் ஒரு நல்ல காரியம் நடந்தது. அந்தப் பணத்தில் ரட்கர்ஸில் ஒரு நுண்ணுயிரியல் நிறுவனம் எழுந்தது. 1965-ல் அங்கேதான் நான்சி கெர்பரும் ஹூபர்ட் லெஷவலியேவும் மண்வாசனைக்குக் காரணமான பொருளைப் பிரித்து ஜியோஸ்மின் என்று பெயர் வைத்தார்கள்.

கினிப் பன்றியிலிருந்து வார்டு வரை

மின்னசோட்டாவின் மேயோ கிளினிக்கில் வில்லியம் ஃபெல்ட்மன் என்ற கால்நடை நோயியலாளரும் கார்வின் ஹின்ஷா என்ற நுரையீரல் மருத்துவரும் ஏற்கெனவே காசநோய்க்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார்கள். ஷாட்ஸ் சோதித்த வீரியமான கிருமியைக் கொடுத்ததே ஃபெல்ட்மன்தான். 1944 ஏப்ரலில் முதல் சோதனைக்குக் கிடைத்த மருந்து வெறும் நான்கு கினிப் பன்றிகளுக்குத்தான் போதுமாக இருந்தது. அந்த நான்கும் தேறின. காசநோய்க் கிருமி வைத்த கினிப் பன்றி தேறுவது சாதாரண விஷயமல்ல. அந்தப் பிராணிக்கு அந்த நோய் வந்தால் சாவுதான்.

1944 நவம்பர் 20 அன்று அதே மாநிலத்தின் ஒரு சானடோரியத்தில் 21 வயதுப் பெண் ஒருவருக்கு முதல் ஊசி. இரண்டு நுரையீரலிலும் நோய் முற்றியிருந்தது. விட்டு விட்டுப் பல மாதம் ஊசி போட்டார்கள். உடல் தேறியது, பிறகு அறுவை சிகிச்சையும் நடந்தது, 1947-ல் வீட்டுக்குப் போனார். கல்யாணம், குழந்தைகள் எல்லாம் ஆயிற்று.

இங்கே கதையை முடித்தால் சினிமா மாதிரி இருக்கும். ஆனால் காசநோய் ஒரு விசித்திரமான நோய். மருந்தே இல்லாமல் சிலர் தானாகத் தேறுவார்கள். படுக்கை ஓய்வு, நல்ல சாப்பாடு, காற்றை ஏற்றி நுரையீரலைச் சுருக்கி வைப்பது, தங்க உப்பு ஊசி என்று எதைச் செய்தாலும் யாரோ ஒருவர் தேறிவிடுவார். செய்தவர் அதற்குச் சாட்சி சொல்வார். ஒரு பெண் பிழைத்ததை வைத்து மருந்து வேலை செய்தது என்று சொல்ல முடியாது.

அதைச் சொல்லும் வழியைக் கண்டவர் பிரிட்டனின் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில். இளைஞராக முதல் உலகப் போருக்குப் போய்க் காசநோயோடு திரும்பியவர். மருத்துவம் படிக்கும் ஆசை அதோடு போயிற்று. படுக்கையில் கிடந்தபடி அஞ்சல்வழியில் பொருளாதாரம் படித்தார். போருக்குப் பின் பிரிட்டனிடம் டாலர் இல்லை, அமெரிக்க மருந்தைக் கொஞ்சம்தான் வாங்க முடிந்தது. மூளைக் காய்ச்சலாக மாறிய காசநோய்க்கும் உடலெங்கும் பரவிய காசநோய்க்கும் முதலில் ஒதுக்கினார்கள். மீதி எல்லோருக்கும் போதாது. எப்படியும் பாதிப் பேருக்குக் கிடைக்கப்போவதில்லை, அப்படியானால் யாருக்கு என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கட்டும் என்றார் ஹில். பஞ்சம்தான் நியாயத்தைக் கொண்டுவந்தது.

107 நோயாளிகள். இரண்டு நுரையீரலிலும் வேகமாகப் பரவும் நோய், பெரும்பாலும் இளவயது. யாருக்கு மருந்து, யாருக்கு ஓய்வு என்பது தற்செயல் எண்களின்படி முன்பே எழுதி மூடி ஒட்டிய உறைகளில் இருந்தது. நோயாளி சேர்க்கப்படும்வரை மருத்துவருக்கே தெரியாது. மருந்துக் குழுவுக்கு ஒரு நாளைக்கு 2 கிராம், 6 மணி நேரத்துக்கு ஒருமுறை ஊசி, நான்கு மாதம். எக்ஸ்ரே படங்களைப் பார்த்தவர்களுக்கு எது யாருடைய படம் என்று தெரியாது, ஒருவர் சொன்னது மற்றவருக்கும் தெரியாது. ஓய்வுக் குழுவில் இருந்தவர்களிடம் இப்படி ஒரு சோதனை நடப்பதாகவே சொல்லவில்லை. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது, தரவும் கூடாது.

ஆறு மாத முடிவில் மருந்துக் குழுவில் 4 பேர் இறந்திருந்தார்கள், ஓய்வுக் குழுவில் 14 பேர். எக்ஸ்ரேயில் நல்ல முன்னேற்றம் மருந்துக் குழுவில் 28 பேருக்கு, மற்றதில் 4 பேருக்கு. 1948 அக்டோபர் 30 தேதியிட்ட பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அறிக்கை வெளியானது. மருத்துவம் சொல்லும் தேதி இதுதான், மருந்துச் சோதனைகளின் வரலாறே இங்கிருந்து தொடங்குவதாகச் சொல்கிறவர்கள் உண்டு.

ஆனால் அதே அறிக்கையில் இன்னொரு கணக்கும் இருந்தது. சோதித்துப் பார்த்த 41 பேரில் 35 பேரின் கிருமிகள் மருந்துக்கு மசியாதவையாக மாறியிருந்தன. மருந்து ஏறிய முதல் இரண்டு, மூன்று மாதத்தில் படம் தெளிகிறது, காய்ச்சல் இறங்குகிறது, எடை கூடுகிறது. அப்புறம் பலருக்கு நோய் திரும்பி ஏறுகிறது. காது நரம்பு பாதிக்கப்பட்டுத் தலைசுற்றல் வேறு. ஐந்து வருடத்தில் 32-க்கு 35 என்று ஆனதற்குக் காரணம் இதுதான்.

கிருமிகளின் கணிதம்

ஷாட்ஸ் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த அதே 1943-ல், இயற்பியலிலிருந்து உயிரியலுக்கு வந்த மாக்ஸ் டெல்புரூக்கும் சால்வடார் லூரியாவும் ஒரு ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். பாக்டீரியாவை அழிக்கும் வைரஸை அதன் மேல் விட்டால் சில பாக்டீரியா தப்பிக்கின்றன. வைரஸைப் பார்த்தபின் பழகிக்கொண்டு தப்பிக்கின்றனவா, இல்லை முன்பே கூட்டத்தில் ஒன்றிரண்டு அப்படிப் பிறந்திருந்தனவா? தப்பித்தவற்றின் எண்ணிக்கை குடுவைக்குக் குடுவை எவ்வளவு ஏறியிறங்குகிறது என்பதை வைத்து, முன்பே பிறந்தவை என்று காட்டினார்கள். காசநோய் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லை. ஆனால் வார்டில் நடந்ததற்கு விடை அதில் இருந்தது.

நுரையீரலில் நோய் அரித்த ஒரு குழியில் பத்துக் கோடிக் கிருமிகள் இருக்கலாம். அவற்றில் ஒன்றிரண்டு ஸ்ட்ரெப்டோமைசினுக்கு மசியாதவையாகப் பிறந்திருக்கும். மருந்து மற்றதையெல்லாம் கொன்று இடத்தைக் காலி செய்து கொடுக்கிறது. மிச்சம் நிற்பவை குடியேறுகின்றன. இரண்டு வேறுவேறு மருந்தை ஒன்றாகக் கொடுத்தால் இரண்டுக்கும் ஒரே சமயத்தில் மசியாத கிருமி இருப்பதற்கான வாய்ப்பு, இரண்டு சிறு பின்னங்களைப் பெருக்கினால் வருகிற இன்னும் சிறிய பின்னம். அவ்வளவு கிருமிகள் ஒரு நுரையீரலில் இருக்காது.

நல்லவேளையாக இரண்டாவது மருந்து கையில் இருந்தது. ஸ்வீடனில் யோர்கன் லேமன் என்ற வேதியியலாளர் சாலிசிலிக் அமிலத்தை லேசாக மாற்றி பாஸ் என்ற மருந்தைச் செய்திருந்தார். பிரிட்டிஷ் குழு இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. மசியாத கிருமிகள் எழுவது வெகுவாகக் குறைந்தது. 1952-ல் ஐசோனயாசிட் சேர்ந்தது. அந்த மூலக்கூறை 1912-லேயே பிராகில் இரண்டு பேர் ஒரு பட்டத்துக்காகத் தயாரித்துப் போட்டுவைத்திருந்தார்கள். நாற்பது வருடமாக யாரும் அதைக் கிருமியின் மேல் ஊற்றிப் பார்க்கவில்லை.

என்னைக் கேட்டால் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தானது இந்தக் கட்டத்தில்தான். தனியாக இருக்கும்வரை அது சாவை ஒத்திப்போடும் ஊசி.

சென்னைக்கு வந்த கணக்கு

அந்த ஐந்தாண்டுக் கணக்கை எழுதிய மூவரில் முதல் பெயர் வாலஸ் ஃபாக்ஸ். 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையத்தைத் தொடங்கி நடத்த வந்தவரும் அவரே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு நான்கும் சேர்ந்த ஏற்பாடு. இன்றும் சேத்துப்பட்டில் தேசிய நிறுவனமாக இருக்கிறது.

அங்கே கேட்ட கேள்வி, மருந்து இருக்கும்போது சானடோரியம் வேண்டுமா என்பது. சென்னை மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு ‘தாம்பரம் சானடோரியம்’ ஒரு நிலையத்தின் பெயர். ஒரு காலத்தில் அது காற்றோட்டம், ஓய்வு, பால், முட்டை என்று ஒரு முழுச் சிகிச்சை முறையின் பெயர். 193 நோயாளிகளைக் குலுக்கலில் பிரித்தார்கள். பாதிப் பேர் சானடோரியத்தில், பாதிப் பேர் நெரிசலான வீடுகளில். இருவருக்கும் ஒரே ஐசோனயாசிட், பாஸ் மாத்திரைகள், ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், கூடுதலாக வேலை பார்த்தார்கள். முடிவில் சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கும் வீட்டில் 86 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் கூட இருந்தவர்களுக்குத் தொற்றுவதும் கூடவில்லை. 1959-ல் இது வெளியானபின் உலகெங்கும் சானடோரியங்கள் மெல்லக் காலியாயின.

ஸ்ட்ரெப்டோமைசின் சென்னையில் அடுத்த சுற்றில் வந்தது. தினமும் மாத்திரையை விழுங்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினால் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். சரி, வாரத்துக்கு இரண்டு தடவை மட்டும் மையத்துக்கு வரவழைத்து, கண்முன்னே ஐசோனயாசிட் கொடுத்து ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் போட்டால்? 1964-ல் வெளியான முடிவு, அது தினசரி மாத்திரைக்குக் குறைந்ததில்லை என்றது. பிற்காலத்தில் டாட்ஸ் என்று ஊர் ஊராகப் பரவிய முறையின் வேர்களில் ஒன்று இது.

படித்த பாடம் மறப்பதும் நடந்தது. டாட்ஸ் காலத்தில் நோய் திரும்பி வந்தவர்களுக்கு இரண்டாம் வகைச் சிகிச்சை என்று ஒன்று இருந்தது. முதல் தடவை கொடுத்த அதே மாத்திரைகளோடு இரண்டு மாதம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, வாரம் மூன்று, மொத்தம் 24. தோற்றுப்போன மருந்துக் கூட்டத்தோடு ஒரே ஒரு புது மருந்தைச் சேர்ப்பதற்கும் 1947-ல் அந்த 55 பேருக்குச் செய்ததற்கும் பெரிய வித்தியாசமில்லை. கிருமி மாத்திரைகளுக்கு மசியாததாக இருந்தால் ஊசி அங்கே தனியாள். 2017-ல்தான் உலக சுகாதார நிறுவனம் இந்த முறையைக் கைவிடச் சொன்னது. கிருமி எதற்கு மசியும் என்று முதலில் சோதித்துவிட்டு மருந்து கொடுக்க வேண்டும் என்பது இன்றைய நடைமுறை.

43-ஆம் இடம்

மருந்து எப்படிக் கொல்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க 2000 வரை ஆயிற்று. இயற்பியலிடம் கேட்டால் அதைத்தான் தேதியாகச் சொல்லும். பாக்டீரியாவின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோமை அது குழப்பிவிடுகிறது என்று 1960-களிலேயே தெரியும். மரபுக் குறிப்பைத் தப்பாகப் படிக்கவைக்கிறது. ஆனால் எந்த இடத்தில் உட்கார்ந்து? சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியபின் உயிரியலுக்கு முதலிலிருந்து படிக்கப் போனவர். அவருடைய கேம்பிரிட்ஜ் குழு, சூடான ஊற்றுநீரில் வாழும் ஒரு பாக்டீரியாவின் ரைபோசோமில் சிறிய பாதியைப் படிகமாக்கி, சிங்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கி தரும் எக்ஸ்-கதிரில் அதன் அணு அமைப்பைக் கண்டது. அதே ஆண்டு ஸ்ட்ரெப்டோமைசினோடு சேர்த்தும் படம் எடுத்தது. மூலக்கூறு ஆர்.என்.ஏ-வின் நான்கு பகுதிகளையும் எஸ்-12 என்ற புரதத்தையும் ஒரே சமயத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சரியான குறிப்புக்கும் தப்பான குறிப்புக்கும் வேறுபாடு பார்க்கிற இடத்தை அது தளர்ந்த நிலையிலேயே நிறுத்திவைக்கிறது. 2009-ல் ராமகிருஷ்ணனுக்குக் கிடைத்த வேதியியல் நோபல் இந்த ரைபோசோம் வேலைக்காக.

மசியாத கிருமிகளும் அந்தப் படத்தில் விளங்கின. காசநோய்க் கிருமியில் அடிக்கடி நடக்கும் மாற்றம் எஸ்-12 புரதத்தின் 43-ஆம் இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் போய் ஆர்ஜினின் என்ற வேறொன்று வருவது. ஒரே ஒரு கண்ணி மாறினால் மருந்துக்குப் பிடி கிடைக்காது, ரைபோசோம் தன் வேலையை வழக்கம்போல் செய்யும். பிரிட்டிஷ் வார்டுகளில் அந்த 35 பேரின் சளியில் இருந்த கிருமிகளில் என்ன மாறியிருந்தது என்று அன்று பார்க்க வழியில்லை, ஆனால் இதுபோல ஏதோ ஒன்றுதான்.

மண்ணிலிருந்து வந்தது மண்ணுக்கே திரும்பியும் போயிற்று. 1950-களிலிருந்து அமெரிக்காவில் ஆப்பிள், பேரிக்காய் மரங்களைக் கருக்கும் பாக்டீரியா நோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் தெளிக்கிறார்கள். நம் ஊரில் நெல்லின் பாக்டீரியா இலைக்கருகலுக்கும் எலுமிச்சைச் சொறிக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த ஸ்ட்ரெப்டோசைக்ளின் பொட்டலத்தைத் தெளிப்பானில் கரைக்காத விவசாயி குறைவு. மத்திய அரசு 2021 டிசம்பரில் இதற்கு எதிரான வரைவு அறிவிக்கையை வெளியிட்டு, 2024 ஜனவரியோடு பயிருக்கு அடிப்பதை நிறுத்தும்படி காலக்கெடு முன்மொழிந்தது.

1970-களின் தொடக்கத்திலேயே கலிஃபோர்னியாவின் பேரித் தோட்டங்களில் மருந்து எடுபடவில்லை. அந்தப் பாக்டீரியாவைப் பிற்பாடு பிரித்துப் பார்த்தபோது எஸ்-12 புரதத்தில், 43-ஆம் இடத்தில், லைசினுக்குப் பதில் ஆர்ஜினின் இருந்தது.